வெந்நீரில் போடாத நத்தைகள்

விழுப்புரத்தில் என் வீட்டு மேசையில் ஒரு சங்கு இருக்கிறது. ஊதுகிற சங்கு இல்லை. கட்டைவிரல் நீளம், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கி, ஆணி பிடுங்கிய பம்பரம் மாதிரி இருக்கும். பழுப்பு நிறத்தில் வெள்ளைத் திட்டுகள். கூம்பு நத்தையின் ஓடு அது. பள்ளியிலிருந்து திருத்தக் கொண்டுவரும் விலங்கியல் விடைத்தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, அழகாக இருக்கிறதே, ராமேஸ்வரத்தில் வாங்கியதா என்று கேட்பார்கள். இல்லை, மரக்காணத்துக் கடலில் இருந்தது, இதற்குள் குடியிருந்த பிராணிக்கு விஷம் உண்டு என்பேன். உடனே கீழே வைத்துவிடுவார்கள். அப்படி அவசரமாக வைப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒரே ஒருவர் மட்டும் அதைக் கையில் வாங்கி, கீழே வைக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவித்தார். அவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். இது அவரைப் பற்றிய குறிப்பு. அன்பாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் நத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மாமாவைச் சொல்ல முடியாது. கூம்பு நத்தை ஊர்வதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒரு சாண் தூரம் போவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் அது புல் பாசி மேய்கிற பிராணி இல்லை, வேட்டையாடித்தான் சாப்பிடும். துரத்திப் பிடிக்க வக்கில்லாததால் மணலுக்குள் புதைந்துகொண்டு, மூக்கு மாதிரி ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். இரை கிட்டே வந்ததும் வேறொரு குழாயை மெல்ல நீட்டும். அதன் நுனியில் ஊசி மாதிரி, நடுவில் துளையுள்ள ஒரு பல். ஒரே குத்து, அதோடு விஷம் இறங்கிவிடும். அந்தப் பல்லை அது மறுபடி பயன்படுத்துவதில்லை. எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். சில வகைகள் மீனைக் கொல்லும், சில வகைகள் மனிதனையே கொன்றுவிடும். நான் வளர்த்தது கடல் புழுக்களைத் தின்கிற சாது வகை. நம்மைக் கொட்டினால் குளவி கொட்டிய மாதிரி வீங்கும், அவ்வளவுதான். சாது என்றாலும் காத்திருப்பதில் எல்லாம் ஒரே ஜாதி.

நாங்கள் சமணர்கள். ஒலக்கூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். எங்கள் பேச்சில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுவோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது, எறும்புக்கு வழிவிட்டு நடப்பது எல்லாம் எங்களுக்குப் பல் துலக்குவது போன்ற பழக்கங்கள். எங்கள் வீடுகளில் உயிர்களை அவற்றின் அறிவை வைத்துப் பிரிப்பார்கள். சங்குக்கும் நத்தைக்கும் இரண்டே அறிவு, தொடுவதும் சுவைப்பதும். முகர்வது கிடையாது என்று சின்ன வயதில் கோயிலில் ஒப்பித்திருக்கிறேன். பிறகு கல்லூரியில் ஒரு நத்தை மண்ணுக்குள்ளிருந்து மூக்கை நீட்டி, தொட்டியின் மறுமூலையில் இருக்கும் புழுவின் வாடையைப் பிடித்துத் திரும்புவதை என் கண்ணால் பார்த்தேன். அன்று மாமாவிடம் ஓடிப் போய், நம்முடைய கணக்கில் இதற்கு ஓர் அறிவு குறைகிறது என்று சொன்னேன். அவர் சிரித்தார். அப்போது எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமா விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். குடும்பத்தில் முதல் பேராசிரியர் என்பதால் அவர் வீட்டுக்கு வந்தால் என் அப்பா உட்காரமாட்டார், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசுவார். மாமாவின் சட்டை எப்போதும் வெள்ளை. கரும்பலகையில் எழுதி முடித்ததும் சாக்பீஸ் தூளைக் கைக்குட்டையில் துடைத்து, அந்தக் கைக்குட்டையை மடித்த மடிப்பு மாறாமல் மறுபடி மடிப்பார். திண்டிவனத்தில் வீடு, தினமும் ரயிலில் வந்து போவார். அதே கல்லூரியில் நான் எம்.எஸ்ஸி. சேர்ந்து விடுதியில் தங்கியிருந்தேன். வகுப்பில் அவர் எனக்கு சார், பண்டிகைக்குப் போனால் மாமா. அவரிடம் ஒரு வாசகம் இருந்தது. யாராவது தன் பெயரைச் சொல்லிப் பெருமை பேசினால், "பேரு இன்னாம்மா பேரு, வேலதான் நிக்கும்" என்பார். நான் அதை என் அறைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு வயது இருக்கிறது.

கடைசி ஆண்டு ஆய்வுக்கு எல்லோரும் ஏரி மீன், தவளை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் கூம்பு நத்தை என்றேன். மரக்காணத்தில் வலையை உதறும்போது மீனோடு சேர்ந்து வருகிற நண்டுக் குஞ்சு, பாசி, கிளிஞ்சல் எல்லாவற்றையும் கரையிலேயே கொட்டிவிடுவார்கள். அந்தக் குப்பையில் உயிரோடு கிடப்பவற்றைப் பொறுக்குவது என் வேலை. அங்கே மீன் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, நான் முதல் நாள் ஒன்றை எடுத்ததுமே கையைத் தட்டிவிட்டார். "அத்தக் கையில புடிக்காத பாப்பா, கொட்டிடும். ஓட்டாங்கச்சியில அள்ளு" என்று ஓர் உடைந்த பானைத் துண்டைக் கொடுத்தார். அந்தத் துண்டு கடைசிவரை என்னோடு இருந்தது. நத்தைக்குக் கடல்நீர் வேண்டுமே. கேனில் பிடித்துக்கொண்டு பேருந்தில் திண்டிவனம், அங்கிருந்து மாறி விழுப்புரம். கேனைத் திறந்து காட்டு என்று நடத்துநர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். ஒருவர் கள்ளா என்று கேட்டார். முகர்ந்து பார்த்துவிட்டு, உப்புத் தண்ணிக்கு டிக்கெட் போட்டுக்கினு போற ஆள இன்னிக்குத்தாம்மா பாக்கறேன் என்றார்.

முறைப்படி நத்தையை வெந்நீரில் போட்டுக் கொன்று, சதையை உருவி, ஃபார்மலினில் வைத்து அறுத்துப் பார்க்க வேண்டும். நான் முடியாது என்றேன். பக்தி என்று சொல்ல மாட்டேன். அந்தக் குழாய் மூக்கு திரும்பித் திரும்பி எதையோ தேடுவதைப் பார்த்தபிறகு என்னால் வெந்நீர் காய்ச்ச முடியவில்லை. மாமா வற்புறுத்தவில்லை. நம்ம வீட்டுப் பொண்ணு வேற இன்னா சொல்லும், வெச்சுப் பாரு என்றார். ஆய்வகத்தின் பின்தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் மணலும் நீரும் நிரப்பி வளர்த்தேன். இரை போடவில்லை, கடலோரத்து ஈரமணலை அப்படியே கொண்டுவந்து கொட்டினேன், அதில் இருந்த புழுக்களை அதுவே தேடிக்கொண்டது. நான் கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன். அம்மாவுக்கு அது சமாதானமாகவே படவில்லை.

கொல்லாததால் எனக்கு ஒன்று கிடைத்தது. மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு நத்தை, தொட்டியில் போட்டு வைத்திருந்த அந்தப் பானைத் துண்டின் உள்பக்கம் ஏறி முட்டையிட்டது. சின்னச் சின்னப் பைகள், வெள்ளைச் சட்டைப் பித்தான்களை வரிசையாகத் தைத்தது போல. வெந்நீரில் போட்டவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. பைகள் வெள்ளையிலிருந்து பழுப்பாவதையும், உள்ளே குஞ்சுகள் ஓட்டோடு அசைவதையும், அவை நீந்தி வராமல் ஊர்ந்தே வெளியே வருவதையும் நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை. எங்கள் கடற்கரையில் இந்த வகை எப்போது, எப்படிப் பெருகுகிறது என்று அதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை. நான் எழுதினேன். பானைத் துண்டைத் தூக்கிப் பிடித்துப் படமும் எடுத்தேன். குஞ்சுகளையும் பெரியவற்றையும் கேனில் எடுத்துப் போய் மரக்காணத்திலேயே விட்டுவிட்டேன். முட்டையிட்ட தாய் மட்டும் அதற்கு முன்பே தானாக இறந்துபோயிருந்தது. அதன் ஓடுதான் இப்போது என் மேசையில் இருப்பது.

எழுதியதையும் படங்களையும் மாமாவிடம் கொடுத்தேன். இதை வைத்து முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரலாம், சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இடம் கேட்கலாம் என்று ஆசை. பல மாதம் கழித்து அவர், தொட்டியில் வைத்துப் பார்த்ததை எல்லாம் ஆராய்ச்சி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பேசாமல் பி.எட். படி என்றார். மாமா சொன்னால் அது தீர்ப்பு. பி.எட். படித்தேன், கல்யாணம் ஆனது, அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. இடையில் மாமா முனைவர் ஆனார், துறைத்தலைவர் ஆனார். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இனிப்பு வாங்கிக்கொண்டு போனவளே நான்தான்.

பல வருடம் கழித்து ஒருநாள் வகுப்பில் காட்டுவதற்காகப் பள்ளிக் கணினியில் நத்தைப் படம் தேடிக்கொண்டிருந்தேன். பானைத் துண்டின் உள்பக்கம் முட்டைப் பைகள் ஒட்டியிருக்கிற படம் ஒன்று வந்தது. துண்டின் ஓரத்தில் அதைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல். விரலின் குறுக்கே ஒரு தழும்பு. கேப்பை அறுக்கும்போது கருக்கரிவாள் கிழித்த தழும்பு அது. இதை எழுதும்போதும் என் கையில் இருக்கிறது. அந்தப் படம் வந்திருந்த ஆய்வுக் கட்டுரை மாமாவின் பெயரில் இருந்தது. அவர் பெயர் மட்டும்தான். நன்றி சொல்லும் பத்தியில் கல்லூரி முதல்வர் இருந்தார், அத்தை இருந்தார், நான் இல்லை. என் கட்டைவிரல் அச்சேறிவிட்டது, என் பெயர் ஏறவில்லை. அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "உங்க மாமா பேரு வந்தா இன்னா, உம் பேரு வந்தா இன்னா, ரெண்டும் ஒரே வூடுதானே" என்றார் அம்மா. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் பெரிய மனிதர் மேல் பொறாமைப்படும் மருமகள் என்று எனக்குத்தான் பெயர் வந்திருக்கும். எனவே சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்றால் வெளியில். உள்ளே நான் எப்படி இருந்தேன் என்பதற்கு ஒரு உதாரணம்: கொல்கிற வகை நத்தை ஒன்றை உயிரோடு தேடிப் பிடித்து, ரொம்ப அழகாக இருக்கிறது பாருங்கள் மாமா என்று அவர் உள்ளங்கையில் வைத்துவிடலாமா என்று யோசித்திருக்கிறேன். ஒருமுறை இல்லை, பலமுறை, சாம்பார் கொதிக்கும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும். சமணக் குடும்பத்தில் பிறந்தவள் எழுதக்கூடாத வாக்கியம் இது. எழுதிவிட்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆவணி, புரட்டாசி வாக்கில் நோன்பு நாட்கள் முடிந்ததும் மன்னிப்பு நாள் வரும். அன்று பெரியவர் சிறியவர் பார்க்காமல் ஒருவரிடம் ஒருவர் கைகூப்பி, தெரிந்தோ தெரியாமலோ உங்களை நோகடித்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் மன்னித்தேன் என்று அங்கேயே, அப்போதே சொல்லிவிட வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தத் தெரிந்தோ தெரியாமலோவுக்குள் எத்தனை பேர் பத்திரமாக ஒளிந்துகொள்கிறார்கள் என்பதை நான் மாமாவிடம் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் என் எதிரே வந்து கைகூப்புவார். வெள்ளைச் சட்டை, குனிந்த தலை, அதே வாக்கியம். நான் எழுந்து நின்று, உட்காருங்க மாமா, மோர் எடுத்துக்கினு வர்றேன் என்று உள்ளே போய்விடுவேன். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லமாட்டேன். கூட்டத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். மோரைக் குடித்துவிட்டு டம்ளரை வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அவருடைய கட்டுரையை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அதில் ஒரே ஒரு வரிதான் என்னுடையது இல்லை. நத்தைகள் உயிரோடு சேகரிக்கப்பட்டு வெந்நீரில் இட்டுக் கொல்லப்பட்டன என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்தத் துறையில் எல்லோரும் எழுதுகிற வரிதான். வேறு ஏதோ கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனிதர், சாகாத நத்தைகளைத் தன் பெயரில் சாகடித்து வைத்திருந்தார். முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பத்துத் தடவை படித்தபிறகுதான் அது என் கையில் கிடைத்த பல் என்று புரிந்தது. ஒரு தடவைதான் குத்த முடியும். நான் மணலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா ஓய்வு பெற்ற வருடம் திண்டிவனத்தில் எங்கள் சமூகத்தார் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அதுவும் மன்னிப்பு நாளன்று, கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபத்தில். வாசலில் பிளெக்ஸ் போர்டு. ஓர் உயிரையும் வதைக்காமல் உயிரியல் கண்ட அறிஞர் என்று பெரிய எழுத்து; பக்கத்தில் மாமா படம்; அதற்குப் பக்கத்தில், நத்தைக்குப் பதில், வலம்புரிச் சங்கு. மேடையில் பேசிய எல்லோரும் அவர் நத்தையை நோகடிக்காமல் ஆராய்ந்த கதையைச் சொன்னார்கள். என் தொட்டி, என் பானைத் துண்டு, நான் சுமந்த தண்ணீர் எல்லாம் அவருடையதாக ஒவ்வொன்றாக மேடை ஏறியது. யாரிடமோ அவரே சொல்லியிருக்க வேண்டும். பொன்னாடைக்குள் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்று மைக்கைக் கீழே கொடுத்தார்கள். பெண்கள் பக்கத்தில் முதலில் கை நீட்டியது நான்.

எழுந்து நின்றேன். "மாமா, ஒரு சந்தேகம். நத்தைங்கள வெந்நீர்ல போட்டுக் கொன்னுதான் ஆராய்ச்சி பண்ணதா உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்களே, அது நெஜங்களா?" என்று கேட்டேன். மாமா என்னைப் பார்த்தார். வருடக்கணக்காக மோர் வாங்கிக் குடித்தவர், அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார். கொல்லவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவருக்குத் தெரியும்: கொல்லாமல் எப்படிப் பார்த்தீர்கள், எந்தத் தொட்டியில், யார் உட்கார்ந்து பார்த்தது? கையில் மைக்கோடு நான் எதிரே நிற்கும்போது அந்தக் கேள்விக்கு என் பெயரைத் தவிர வேறு பதில் கிடையாது. அவர் என் பெயரைச் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். எறும்புக்கு ஒதுங்குகிற கால் அல்லவா. கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றிக்கொண்டு அவர் சொன்னார்: "ஆமாம்மா. விஞ்ஞானத்துல அது இல்லாம முடியாது. வெந்நீர்லதான் போட்டேன்."

திருடன் என்ற பெயரைவிடக் கொலைகாரன் என்ற பெயர் பரவாயில்லை என்று எண்ணிவிட்டார். அப்போதே மேடையில் எழுந்து எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார். மன்னிப்பு நாள் ஆயிற்றே. மன்னித்தோம் என்று மண்டபமே சொன்னது. ஆனால் சொன்ன விதத்தில் சுருதி இல்லை. பந்தியில் அவருக்கு இருபுறமும் இலை காலியாகக் கிடந்தது. அதற்குப் பிறகு கோயிலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவரைக் கூப்பிடவில்லை. அபிஷேகத்துக்குக் குடம் எடுத்துத் தரவும் வேறு ஆள் வந்துவிட்டார். யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை, மரியாதை குறையவில்லை, ஒதுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். செய்த குற்றம் ஒன்று, அனுபவித்த தண்டனை வேறு ஒன்று. இரண்டையும் அறிந்தது அவரைத் தவிர எங்கள் வீட்டில் மூன்று பேர்; அம்மாவும் அப்பாவும் குடும்ப மானத்துக்காக மூடிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விஷம் மெதுவாக ஏறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் சிக்கியது. அது அத்தை. மாமாவின் மனைவி. அதிகம் பேசாத மனுஷி. ஊறுகாய் ஜாடியைக் கூட இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குவார். விழாவுக்குப் பிறகு அவர் ஒவ்வொரு அஷ்டமிக்கும் சதுர்த்தசிக்கும் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்காமல் நோன்பிருக்க ஆரம்பித்தார். புருஷன் கொன்ற உயிர்களுக்காக. ஒரு கல்யாணத்தில் என்னைத் தனியே இழுத்துப் போய், நீதானேம்மா புடிச்சாந்து குடுத்தே, மொத்தம் எத்தினி உசுரு இருக்கும் என்று கேட்டார். ஞாபகம் இல்லை அத்தே என்றேன். அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அன்றிலிருந்து என் கோபம் இரட்டிப்பானது. ஏனென்றால் அந்த வீட்டிலேயே ஒருவர், ஒரு நத்தையும் சாகவில்லை என்று தெரிந்தே, மனைவி பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு தன் பங்குச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வருடக்கணக்காக.

போன வருடம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மன்னிப்பு நாளன்று காலையில் அத்தை போன் செய்தார். உன்னியத்தான் கேட்டுக்கினே இருக்காரு, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன் என்றார். போனேன். கைப்பையில் இந்தச் சங்கையும் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெளிவாகத் தெரியாது. திண்டிவனத்து வீட்டில் மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். வெள்ளைச் சட்டைதான், பித்தான் மட்டும் மாற்றிப் போட்டிருந்தது. அத்தை உள்ளே போனதும் சங்கை எடுத்து அவருடைய வலது கையில் வைத்தேன். விரல்கள் மூடின, திறந்தன. கீழே வைக்க இடம் தேடி அந்தக் கை மடி மேலேயே அலைந்தது. பிறகு வாய் குழறக் குழற, தெரிஞ்சேதாம்மா செஞ்சேன் என்றார். தெரியாமலோ என்ற சொல் கடைசியில் அவர் வாயிலிருந்து கழன்றுவிட்டது. அதைக் கேட்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். கேட்டதும் அது எனக்குப் போதவில்லை.

என்னிடம் சொல்ல வேண்டாம், அத்தையிடம் சொல்லுங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அத்தே, இங்க வாங்க என்று நானே கூப்பிட்டேன். மாமா மேடையில் ஒப்புக்கொண்ட நாள் என்பதால் அன்றைக்கும் அத்தைக்கு நோன்பு. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மாமா சங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். நான் நகரவில்லை. "ஒண்ணு கூடக் கொல்லல. எல்லாம் இவ வளத்தது, இவ எழுதனது. நான் எம் பேரப் போட்டுக்கினேன்" என்று அத்தையிடம் சொன்னார். சொல்லி முடிக்க நேரமானது. ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்தார். என் பெயர் அவர் வாயால் வந்த முதல் தடவை அதுதான் என்று சொல்ல ஆசை, ஆனால் என்னை அவர் இவள் என்றுதான் சொன்னார்.

அத்தை சத்தம் போடவில்லை. கண்ணீரும் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் இன்னாத்துக்குங்க பட்டினி கெடந்தேன்?" என்று கேட்டார். மரியாதை குறையாத அந்த ங்க இன்னும் என் காதில் இருக்கிறது. மாமா கையைக் கூப்பப் பார்த்தார். ஒரு கை வராது என்பதால் சங்கு இருந்த கையை மட்டும் நெஞ்சருகே உயர்த்திக் கும்பிடுவது போல வைத்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து. வழக்கப்படி அப்போதே, அங்கேயே நாங்கள் ஒரு சொல் சொல்ல வேண்டும். அத்தை சமையலறைக்குப் போனார். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது, நட்டநடுப் பகலில், நோன்பு நாளில், தரையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அரைத்து வைத்திருந்த குழைந்த சோறு. நிதானமாக, தட்டை வழித்துச் சாப்பிட்டார். நான் மாமாவின் விரல்களைப் பிரித்துச் சங்கை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

மனசு லேசாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: ஆகவில்லை. கனமாகவும் இல்லை. அந்தக் கட்டுரை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. என் கட்டைவிரலும் அதிலேயே இருக்கிறது. உறவுக்காரர்களுக்கு அத்தையே விஷயத்தைச் சொல்லிவிட்டார், ஒவ்வொருவராக, மெதுவாக. கொலைகாரர் என்ற பெயர் போயிற்று, இருக்க வேண்டிய பெயர் வந்து உட்கார்ந்தது. மன்னித்துவிடு என்று இப்போது எல்லோரும் எனக்கு அறிவுரை சொல்கிறார்கள். அவர்களில் முதல் ஆள், யார் பெயர் வந்தால் என்ன என்று அன்றைக்குச் சொன்ன அம்மாதான்.

இந்த வருடத்து மன்னிப்பு நாள் நேற்று முடிந்தது. நான் காலாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நத்தை பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஒரு பெண் நன்றாக எழுதியிருந்தாள், அவள் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். போன் அடித்தது, அத்தை. மாமா பக்கத்தில் இருக்கிறாராம், மன்னித்தேன் என்கிற அந்தச் சொல்லை நான் சொல்லிவிட்டேனா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாராம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் சங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"நீங்க சொல்லிட்டீங்களா அத்தே?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லம்மா" என்றார் அத்தை. பிறகு, எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரித்தார்.